மஞ்சள் கயிறு கட்டிய ரம்பம்

போன வாரம் திருப்பதிக்குப் போய்விட்டு வந்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். "தரிசனம் நல்லா ஆச்சா?"

திருப்பதிக்கு வேறு எதற்குப் போவார்கள்? நான் மலை ஏறவே இல்லை, ஒரு மெஷினைப் பார்க்கப் போனேன் என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிவாரம் வரை போய்விட்டு மெஷினைப் பார்த்துத் திரும்புகிற ஜென்மமும் உண்டா என்று நினைத்திருப்பார்.

விஷயம் இதுதான். என் தங்கை கௌரியும் அவள் கணவன் சேகரும் திருப்பதியில் ஃபிரேம் கடை நடத்துகிறார்கள். சேகர் எங்கள் தாய்மாமன் மகன். எங்கள் எல்லாருக்குமே பூர்வீகம் நாகலாபுரம் பக்கம். சாமி படம், கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் — எது வந்தாலும் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள்.

ஒரு சட்டத்துக்கு நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பட்டைகளைச் சாய்வாக அறுத்து ஒட்ட வேண்டும். கைரம்பத்தில் அறுத்தால் எங்காவது ஒரு மூலையில் மயிரிழை சந்து விழும். மரத்தூளைப் பசையில் குழைத்து அதை அடைப்பார்கள். வாடிக்கையாளர் யாராவது மூலையை உற்றுப் பார்த்தால் சேகர் உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

அதற்கு விடிவாகத்தான் மைட்டர் ஸா வாங்கியிருந்தார்கள். மேஜைமேல் போல்ட் போட்டு உட்கார வைக்கிற மின்சார ரம்பம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான பிளேடு, சுற்றிலும் பல். எந்தக் கோணம் வேண்டுமோ அந்தக் கோணத்துக்குத் திருப்பி, கைப்பிடியைப் பிடித்து இறக்கினால் அறுத்துவிடும். மிக்ஸி ஓடினாலே பக்கத்து ரூமுக்குப் போய்விடுகிற ஆள் நான். என்னைப் போய் "மொத கட்டிங்குக்கு நீ வந்தே ஆவணும்" என்று கூப்பிட்டாள் தங்கை. போகாமல் இருக்க முடியுமா?

புது மெஷினைப் பூஜை போடாமல் ஓட்டுகிற ஊரா நம் ஊர்? சேகர் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் வாங்கி வைத்திருந்தான். பிளேடுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. ரம்பம் மேலே இருக்கும்போது மூடி பல்லை மறைத்துக்கொள்ளும். கீழே இறக்கினால் தானாக விலகும். தூக்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். சேகர் அந்த மூடியை விரலால் தள்ளி, பிளேடுக்கு மூன்று பொட்டு வைத்தான். மூடி திரும்ப வந்து பொட்டை மறைத்தது. சாமிக்கு வைத்த பொட்டு வெளியே தெரியாவிட்டால் எப்படி? மஞ்சள் கொம்பு கோத்த கயிற்றால் மூடியை மேலே இழுத்துக் கட்டிவிட்டான்.

பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது! நான் போனில் போட்டோவே எடுத்தேன்.

கௌரி அப்போது அங்கே இல்லை. வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு அவள் கடைக்குள் நுழைந்தபோது கற்பூரம் காட்டி முடிந்திருந்தது. சேகர் ப்ளக்கைச் சொருகிவிட்டு, ஒரு பட்டையை வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கைப்பிடியில் வைத்திருந்தான். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவனுக்கு அவசரம்.

"இரு மாமா" என்றாள் கௌரி. பொங்கலைக் கீழே வைத்தாள். நேராகப் போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

மெஷினோடு வந்த புத்தகத்தை ஒரு வாரமாகப் படித்தவள் அவள். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒருதடவை சும்மா இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். இறக்கினாள். ஏற்றினாள். மூடி வரவில்லை. வருவதற்கு எங்கே? கயிறு இறுக்கிப் பிடித்திருக்கிறதே! பிளேடு அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அதற்கு இரண்டே விரல் தள்ளி, பட்டைமேல், சேகரின் இடது கை.

நான் போட்டோ எடுத்த பல் அது.

சேகர் அசரவில்லை. பூஜைக் கயிற்றை அன்றைக்கே அவிழ்க்கக் கூடாது, சாயங்காலம் வரைக்குமாவது இருக்கணும் என்றான். "ஒரே ஒரு பீஸ்தான... பரவாலேது. நான் பாத்து அறுக்கறேன்."

பரவாயில்லை என்கிற இந்தப் 'பரவாலேது' இருக்கிறதே... ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்கும்போது, ஈரக்கையோடு ஸ்விட்ச் போடும்போது, எங்கள் ஜில்லா முழுக்க தமிழும் தெலுங்கும் ஒற்றுமையாகச் சொல்கிற வார்த்தை. கும்பிட்டாகிவிட்டது, இனி மெஷின் நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. நானும் அந்தக் கட்சிதான்.

கௌரி சத்தம் போடவில்லை. தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். வெறும் கைகள்.

"வளையலையே கழட்டி பையில போட்டுக்கினு வந்துக்கிறேன். கயிறு இன்னா பெருசு? சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் மாமா. உன் வெரலு போச்சின்னா நான் யாராண்ட போய் கேக்கறது?"

அப்போதுதான் எல்லாம் என் கண்ணில் பட்டது. நல்ல நாளும் அதுவுமாகப் புடவை கட்டாமல், துப்பட்டாவும் போடாமல், சுடிதார்மேல் சேகரின் பழைய அரைக்கைச் சட்டையை மாட்டியிருந்தாள். தாலியைச் சட்டைக்குள் விட்டிருந்தாள். பூஜைநாளில் சுமங்கலி வளையலைக் கழற்றுவது எங்கள் ஊரில் சாதாரண விஷயமா? தொங்குகிற எதையும் பிளேடு பிடித்து இழுத்துக்கொள்ளும் என்பதற்காக அவள் கழற்றியிருந்தாள்.

சேகர் அவள் கைகளைப் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்து, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினான்.

மஞ்சள் கயிற்றைக் கௌரி அறுக்கவில்லை, பக்குவமாக அவிழ்த்தாள். அதைக் கொண்டுபோய் எங்கே கட்டினாள் தெரியுமா? ஒயரில், ப்ளக்கை ஒட்டி. ப்ளக்கைத் தொடுகிறவர் விரலில் மஞ்சள் ஒட்டும். ஒட்டினால் மூடி ஞாபகம் வரும் என்றாள். அடேயப்பா, என் தங்கையா இது!

மாலையை எடுத்தாள். பொட்டைத் துடைத்தாள். மறுபடி இறக்கி ஏற்றினாள். மூடி இந்தமுறை ஒழுங்காக வந்து பல்லை மறைத்தது. பட்டையைப் பின்பக்கத் தடுப்பில் ஒட்ட வைத்து கிளாம்ப் போட்டாள். சேகரின் இடது கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போனது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் அவள் ப்ளக்கைச் சொருகினாள்.

ஸ்விட்சை அழுத்தியதும் எழுந்த சத்தத்தில் தெருச் சத்தமே காணாமல் போயிற்று. சேகர் உடனே இறக்கவில்லை. பிளேடு முழு வேகத்துக்கு வரும்வரை காத்திருந்தான். பிறகு மெல்ல இறக்கினான். ஒரு இழுப்பு... அவ்வளவுதான், பட்டை இரண்டு! ஸ்விட்சை விட்டபிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. அது அடங்கி நின்றபிறகே அவன் கைப்பிடியை மேலே தூக்கினான். மூடி வந்து பல்லை மூடிக்கொண்டது.

வெட்டிய முகத்தைத் தடவிப் பார்த்தேன். புது சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு. நாலு பட்டையும் அறுத்து, ஒட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். எந்த மூலையிலும் ஒரு கீற்று வெளிச்சம் வரவில்லை. மரமா இது, வார்த்தெடுத்ததா? சேகர் முதல்முறையாக வெயிலைப் பற்றிப் பேசாமல் மூலையைக் காட்டினான்.

முதல் சட்டத்தில் பெருமாளைத்தான் வைத்தார்கள். கௌரி வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். மெஷினின் ப்ளக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, சேகர் அதன் முன்னால் நின்று கைகூப்பினான்.

பத்து விரலும் இருந்தன.

தரிசனம் நல்லா ஆச்சுங்க.