தலைவருக்காக ஒரு ஜெபம்

பிள்ளைகளே, உங்கள் தம்பி பிறந்த வாரமே இறந்தபோது நான் ஜெபம் செய்வதை விட்டுவிட்டேன். அப்போது, தாராவியில் எங்கள் கோவிலை இடிக்க வந்த புல்டோசரை ஒருகாலத்தில் மறித்து நின்ற சபைத் தலைவர், குடிபோயிருந்த அம்பர்நாத்திலிருந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்தார். எனக்குப் புத்தி சொல்வார் என்று உங்கள் அம்மா அவரை வீட்டுக்கு அழைத்தாள்.

டீ குடித்து எழுந்தவரிடம், "ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "எம் பொண்டாட்டி போனதுலேர்ந்து எனக்கு ஜெபமே வரமாட்டேங்குல. நீ பண்ணு."

"நானே விட்டாச்சு ஐயா."

"அப்ப ரெண்டு பேரும் சும்மா நிப்போம்."

நின்றோம். புல்டோசருக்கு நடுங்காதவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல், "ஆண்டவரே, இவரைக் கைவிடாதேயும்" என்று ஆரம்பித்தேன். எனக்காகக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அவருக்காகத் தினமும் கேட்கிறேன்.