லாயத்துக்கு டைல்ஸ் ஒட்டியவன்

மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் டைல்ஸ் வியாபாரம் பார்த்தவன் நான். கடைக்கு யார் வந்தாலும் ஒரு வித்தை காட்டுவேன். வழுக்காத டைல்ஸைத் தரையில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, செருப்போடு ஏறி நின்று இரண்டு குதி குதிப்பேன். "பாத்தீகளா? எங்கிட்டாவது வழுக்குதா?" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குதிரை லத்தி அள்ளப் போனேன். கொட்டாம்பட்டியைத் தாண்டி ஒரு மாந்தோப்பில், கால்நடை டாக்டரம்மா ஒருவர் கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துக் காப்பாற்றுகிறார். தீவன அறைக்குத் தரை போட அளவெடுக்கத்தான் அங்கே போனேன். குனிந்து டேப்பைப் பிடித்தபோது, ஒரு கிழட்டுக் குதிரை என் சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டுகளை உருவித் தின்றுவிட்டது. எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அன்றைக்கு என்னவோ சிரிப்புதான் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதவில்லை.

"இம்புட்டு நாளும் டைல்ஸ் தூசி. இனிமே லத்தி நாத்தமா?" என்றாள் என் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். ஆனால் போகாதீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இப்பத்தான் வீட்டுக்கு வரும்போது மொகத்துல ஒரு களை இருக்கு" என்று தன் அக்காவிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. அது என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் என்றே சொல்கிறேன். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள். முட்டி கெட்டதும் ஒத்தக்கடைப் பக்கம் ரோட்டோரமாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முன்னங்கால் முட்டி இரண்டிலும் புண். வந்த நாளிலிருந்து அவள் படுக்கவே இல்லை.

"குதிரைதான் நின்னுக்கிட்டே தூங்குமே டாக்டரம்மா" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"கண்ணசரும். ஆனா நல்லாத் தூங்கணும்னா படுத்தே ஆகணும். இவளைப் பல வருசமா படுக்க விடாத கட்டைக் கயித்துல கட்டியே வச்சிருக்காங்க. படுக்கவே பயப்படுறா. தூக்கம் சொக்கி, நின்ன இடத்துலயே முட்டி மடங்கி விழுறா. இப்படியே விழுந்துக்கிட்டு இருந்தா முட்டி தாங்காது. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இடம் சுத்தமாக, சமமாக இருந்தால் படுத்துவிடுவாள் என்று நானாகவே முடிவு கட்டினேன். டாக்டரம்மா வெளியூர் போயிருந்த வாரம் பார்த்து, கடையிலிருந்து உசத்தியான வெள்ளை டைல்ஸை இறக்கி, அவள் நிற்கும் லாயம் முழுக்க ஒட்டிவிட்டேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் முன்பு குதிரைவண்டி ஓட்டியவர். அவர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, குதிரைக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?"

விடுவேனா? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, செருப்போடு ஏறிக் குதித்தே காட்டினேன். அவளும் காதை நிமிர்த்தி வேடிக்கை பார்த்தாள்.

மறுநாள் காலையில் கொள்ளு வாளியோடு போனேன். என் கண் முன்னாலேயே அவள் தலை மெல்லத் தொங்கியது. முன்னங்கால்கள் மடங்கின. முட்டி டைல்ஸில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தடுமாறி எழுந்து நின்றாள். வெள்ளைத் தரையில் ரத்தம். அடப் பாவி, என்ன காரியம் பண்ணினேன்!

புண்ணைக் கழுவ நானும் வண்டிக்காரரும் அவளை வெளியே கூட்டிவந்தோம். தீவன அறைச் சுவர் பூச்சுக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலருகே அவள் நின்றுவிட்டாள். மோந்து பார்த்தாள். குளம்பால் இரண்டு தடவை கிளறினாள். முன்னங்காலைப் பாதி மடக்கியவள், என்ன நினைத்தாளோ, வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டாள்.

"அண்ணே, படுக்கத்தாண்ணே பாக்குது! அதுக்கு மண்ணு வேணும்ண்ணே" என்று கத்தினார் அவர்.

நான் நேராகப் போய்க் கடப்பாரையை எடுத்தேன். கடையில் ஒரு டைல்ஸ் மூலை உடைந்தாலும் அன்றைக்கு எல்லோரையும் வறுத்தெடுத்துவிடுவேன். இங்கே நான் ஓங்கிப் போடுகிறேன், சில்லு சில்லாகத் தெறிக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அம்புட்டு ஆனந்தம்! லீவு நாளென்று வந்த மனைவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சில்லைச் சட்டியில் அள்ளினாள். "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தப்பா எழுதுனா ரப்பரே போதும். உங்களுக்குத்தான் கடப்பாரை கேக்குது" என்றாள். வண்டிக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை.

ஒரு முழத்துக்கு மணலை நிரப்பி, அவள் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டோம். முதல் நாள் நின்றாள். இரண்டாம் நாளும் நின்றாள். ஊரிலிருந்து திரும்பிய டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவளை நானே கொன்றுவிடுவேனோ என்று பயந்து, லாயத்து வாசலை விட்டு நான் நகரவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், நல்ல வெயில். அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். மணலைக் கிளறினாள். முன்னங்கால் மடங்கியது. பின்னங்காலும் மடங்க, பொத்தென்று சாய்ந்தாள். நாலு காலையும் மேலே தூக்கி, இப்படியும் அப்படியுமாகப் புரண்டாள். பிறகு கழுத்தை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை. குதிரை குறட்டை விடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை! வண்டிக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, வழுக்காத டைல்ஸ் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்காக. நீங்க குதிச்சுக் காட்டுனாத்தான் வாங்குவாகளாம். ஒரு எட்டு வாரீங்களா?"

"மெதுவாப் பேசுடா" என்றேன். "இங்க ஒருத்தி படுத்துத் தூங்குறா."