கஞ்சி போட்ட துணியும் சர்க்கரைக் குழாயும்

எங்கள் வீட்டில் கஞ்சி போடாத துணி துணியே இல்லை. நாங்கள் நெசவாளர்கள்; பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி ஏற்றினால்தான் அது அறாமல் ஓடும். அம்மா அதைத் தறியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. என் பள்ளிச் சீருடை, தலையணை உறை, கைக்குட்டை எல்லாமே கஞ்சி குடித்து நிமிர்ந்து நின்றவை. சளி பிடித்த நாட்களில் மூக்கு சிவந்ததற்குக் காரணம் சளி அல்ல, கைக்குட்டை.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து தினமும் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் நான் செய்த ஆராய்ச்சி, பாக்டீரியா எப்படிச் சர்க்கரை தின்கிறது என்பது. சில பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று உண்டு. அதில் புரதத்தாலான நுண்ணிய குழாய்கள். நான் எடுத்துக்கொண்ட குழாய் ஒருவகைச் சர்க்கரைக்கென்றே அமைந்தது: குளுக்கோஸ் மணிகளைக் கோத்த குட்டிச் சங்கிலிகள். குழாயின் உட்சுவரில் அந்தச் சங்கிலி ஒட்டுவதற்கான இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் ஒட்டி, விட்டு, அடுத்ததில் ஒட்டி, அப்படியே நழுவி உள்ளே போகும். மலைப்படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறவர்களைப்போல. ஒட்டவே இல்லையென்றால் எளிதில் உள்ளே வராது. விடாமல் ஒட்டிக்கொண்டால் நகராது.

இதை அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன்.

“அப்போ சக்கர உள்ள போவறதப் பாக்கத்தான் டெய்லி மெட்ராஸ் போய்கினு கீறியா?”

“ஆங்.”

“நம்ம யூட்டு சக்கர டப்பாவுல எறும்பு போய்கினுதான் கீது. இங்கியே குந்திகினு பாத்தா ரயிலுக்கு ஓட வேணாமே.”

குழாயைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு சின்னப் பெட்டி; அதில் உப்புநீர் நிரப்பிய இரண்டு அறைகள், நடுவே ஒரு கொழுப்புப் படலம். அந்தப் படலத்தில் ஒரே ஒரு குழாயைப் பதித்து மின்சாரம் செலுத்துவோம். குழாய் திறந்திருந்தால் திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு நேராக ஓடும். சர்க்கரை புகுந்தால் கோடு சட்டென்று இறங்கும், வெளியேறினால் மறுபடி ஏறும்.

கடைசி வருடம் அது. என் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் நான் நிற்க இன்னும் பத்தே நாள். அதற்கு முந்தைய இரண்டு வாரமாகவே, சர்க்கரையே போடாத உப்புநீரிலும் கோடு இறங்கி ஏறுவதைப் பார்த்துவந்தேன். தினமும். குழாய் தானாகவே மூடித் திறக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. குழுவுக்கு அனுப்பிய சுருக்கத்தில் அதையே முதல் வரியாக எழுதிவிட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியை மட்டும் முகத்தைச் சுளித்தார். “ஏதாவது கலந்திருக்கும்மா. பெட்டிய ஒழுங்கா சுத்தம் பண்றியா?”

சுருக்கென்றது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆய்வகத்துக் காகிதம் நார் உதிர்க்கிறதென்று, இரண்டு வாரத்துக்கு மேலாக அம்மா வெட்டிக் கொடுக்கும் தறித்துணியைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஈரமாக்கித் துடைக்கிறவள் நான். “மேடம், என்ன மாதிரி தொடைக்கிற ஆளு இந்தக் கட்டடத்துலயே இல்ல” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் வினை.

மறுநாள் அரக்கோணத்தில் வண்டி மாறும் அவசரத்தில் அந்தத் துணியை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். வேறு வழியின்றிக் காகிதத்தால் துடைத்தேன். அன்று முழுக்கக் கோடு ஆடவில்லை, அசையவில்லை. அதற்கு மறுநாள் வீட்டிலிருந்து புதுத்துணி எடுத்துப் போனேன். கோடு மறுபடியும் இறங்கி ஏறியது. துணிமேல் சந்தேகம் வந்தது. துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருளைக்கிழங்கில் செய்து பார்ப்பார்களே, அதே சோதனை. துணி கருநீலமானது.

கஞ்சி. கஞ்சி என்றால் மாவுச்சத்து. மாவுச்சத்து என்றால் அதே குளுக்கோஸ் மணிகளின் நெடுஞ்சங்கிலி. அம்மா அதை இரண்டு நாள் புளிக்கவைத்துத்தான் துணியில் ஏற்றுவாள், அதில் துண்டு துண்டாக உடைந்தவையும் இருந்திருக்கும். நான் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் குழாய்க்குப் பந்தி வைத்திருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து வருட உழைப்பும் அந்த ஒரு வரியால் சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது. அழுதபடியே வீடு வந்து, அம்மாவிடம் கத்தினேன். “தொடைக்கிற துணிக்குக்கூடவாம்மா கஞ்சி போடுவ?”

அம்மா அசரவில்லை. “பின்ன, தொவண்டு போன துணிய மெட்ராஸுக்கு எட்துகினு போவியா? நாலு பேரு பாக்கற எடம்.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. “அந்தக் கொழா நம்ம யூட்டுக் கஞ்சியவா கண்டுபுட்ச்சி?”

“ஆங்.”

“உனுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சி கீது பாரு” என்றாள். அழுகையின் நடுவே சிரித்துத் தொலைத்தேன்.

குழுவின் முன் நிற்கும் வரை எஞ்சிய நாட்களில் அந்தத் துணியால் துடைத்த நாட்களின் அளவீடுகளையெல்லாம் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் விடியற்காலை அம்மா ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே ஒரு துணி. வெந்நீரில் பல முறை அலசி, கஞ்சி துளிகூட இல்லாமல், துவண்டு கிடந்தது. அவள் ஆயுளில் அப்படி ஒரு துணியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பொட்டலத்தை என் பைக்குள் ஆழத் திணித்தாள்.

“யாரு கேட்டாலும் எங்கூட்டுத் துணின்னு மட்டும் சொல்லிராத.”

குழுவின் முன் நின்றபோது, அந்த முதல் வரியை அடித்துவிட்டு நான் முதலில் சொன்னதே, கோட்டை ஆட்டியது எங்கள் வீட்டுத் துணியின் கஞ்சி என்பதைத்தான்.