கடைமடை மணி

பிச்சாட்டூர் பக்கத்து ஞானபுரம், பஞ்ச காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் குடியேற்றிய ஊர். இன்று பாதி ஊர் சர்ச்சுக்குப் போகிறது. பாதி ஊர் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைக்கிறது. சர்ச் மணி மட்டும் எல்லாருக்கும் பொது. பாதிரியார் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று இன்னும் மாறவில்லை. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் கடைமடை வயலுக்குப் போக வேண்டும். அந்த வயல்காரர் வந்து மணி அடித்த பிறகுதான் மேலே இருப்பவர்கள் தங்கள் மடையைத் திறக்கலாம்.

செல்லியம்மா கங்கம்மா பக்கம். அவள் நாற்று நடாத வயல் ஊரில் கிடையாது. அவளுக்கென்றுதான் வயல் இல்லாமல் இருந்தது. போன கோடையில் அரசாங்கம் பட்டா கொடுத்த அரை ஏக்கர் கடைமடையில் விழுந்தது. அப்படியானால் இந்த வருஷம் மணி அடிப்பது அவள்தான். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

மதகு திறந்த அன்று காலையில் வயலுக்கு ஓடினாள். மூலையில் தண்ணீர் பளபளத்தது. அவ்வளவுதான், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டம். கை வலிக்கும்வரை மணியை அடித்தாள். மேலே மடைகள் மளமளவென்று திறந்தன.

திரும்பி வந்தால் அவள் புருஷன் திருமலை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாம்மே செஞ்சிட்ட? அது ஏரித் தண்ணி இல்ல. பக்கத்துக் கொல்லை போர் பைப்பு ஒடைஞ்சி ஊத்திக்கினு கீது!"

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. குடம் குடமாகச் சுமந்து வளர்த்த நாற்று முற்றி நிற்கிறது. இனியும் தாமதித்தால் அது மாட்டுக்குத்தான். அவமானம் பார்த்தால் வயல் போய்விடும். செல்லியம்மா மறுபடி ஓடிப்போய் மணியை அடித்தாள்.

யாரோ செத்துவிட்டார்கள் என்று ஊரே ஓடி வந்தது.

"யாரும் சாவல. நான்தான் அவசரப்பட்டு அடிச்சிட்டேன். பைப்புத் தண்ணிய ஏரித் தண்ணின்னு நெனச்சிக்கினேன்" என்று அழுதாள்.

முதல் மடைக்காரி ரத்னம்மாதான் முதலில் சிரித்தாள். செல்லியம்மா அதிகமாகக் கூலிக்கு நட்டது அவள் வயலில்தான்.

"பைப்புத் தண்ணிக்கே இந்த அடின்னா, ஏரித் தண்ணி வந்தா மணிக்கூண்டே கீழ வந்துடும்டி!"

சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துப் போய்த் தன் மடையை அடைத்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அடைத்தார்கள். இவள் மணியை இனி எவன் நம்புவான் என்று கேலி பேசியபடி, ஊரே தண்ணீருக்குப் பின்னால் நடந்து கடைமடைக்கு வந்தது.

உச்சி வெயிலில் ஏரித் தண்ணீர் செல்லியம்மாவின் வயலில் நுழைந்தது. அவள் அதில் காலை நனைத்துக்கொண்டு நின்றாள்.

"போய் மணி அடிடி" என்று கத்தினார்கள்.

"எல்லாரும் இங்கயே கீறீங்க. யாருக்கு அடிக்கறது?"

ரத்னம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "எப்போடி நடவு? மொத நாத்து நான்தான் நடுவேன், சொல்லிட்டேன்."

இத்தனை வருஷமாகத் தன்னை நடவுக்குக் கூப்பிட்ட அந்த முகத்தைச் செல்லியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளான்னிக்கு. வெள்ளன வந்துடுக்கா" என்றாள்.