ருஷ்யக் கரண்டியில் ஆண்டாள்

போன ஆவணியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அந்த வீட்டுக்கு நான் ஒரு நிபுணராகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது வெறும் கார் டிரைவராகத்தான் வந்தேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். மில்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடை. கொரோனா அடைப்பில் எங்கள் தெருவில் ஆளாளுக்கு மாடியில் கீரை போட்டார்கள். நான் பழைய ருஷ்ய வெள்ளிச் சாமான்களின் முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. எல்லாம் இணையத்தில் பார்த்த படங்கள்தான். ஒரு சாமானைக்கூடக் கையால் தொட்டதில்லை. கிணற்றையே பார்க்காமல் நீச்சலில் தேர்ந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

"நம்ம வீட்டு வெள்ளி டம்ளரு எந்தப் பீரோவுல இருக்குன்னு தெரியாது. இதுல ருஷ்யாக்காரன் டம்ளரப் படிக்காராம்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் கேலியாகப் பரப்பிய அந்தப் புகழ்தான், நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவை எங்கள் வீட்டுக்கு வரவழைத்தது. ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சிறிய கரண்டியை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது அசலா, ஆசாரி அடிச்சதான்னு பாத்துச் சொல்லுங்க. வெள்ளியக் கேக்கல. ஆண்டாளக் கேக்கேன்."

காம்பின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். உளுந்தம்பருப்பு அளவுகூட இல்லாத ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள், தலையில் உயரமான அணி வைத்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். பக்கத்தில் 84. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். படத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்த ருஷ்யப் பெண் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்! தொண்ணூற்றாறு பங்கில் எண்பத்து நான்கு பங்கு வெள்ளி என்று அந்தக் காலத்து அரசாங்கம் குத்திக்கொடுத்த சான்று அது. ஆனால் உயர்த்திக் கட்டிய அந்தத் தலையைப் பார்த்தால், எங்கள் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் ஆண்டாள் கொண்டைதான் ஞாபகம் வரும்.

அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா கப்பற்படையில் இருந்தவர். ருஷ்யாவுக்குக் கப்பல் எடுத்துவரப் போன இடத்தில், ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு கரண்டி வாங்கிவந்து, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். "நமக்கு முந்தியே ஆண்டாள் அங்க போயிட்டாட்டி" என்று சொல்லிச் சிரிப்பாராம். கொஞ்ச நாளில் தாயார் இறந்துபோக, அப்பா கடலில் இருக்க, பத்து வயது மூத்த அக்காதான் தங்கையைத் தூக்கி வளர்த்திருக்கிறார். அக்கா வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில்.

"சின்னப் புள்ளையில என் கரண்டியப் புடிச்சேன்னா ஆண்டாள் என்னையத்தான் பாப்பா. கல்யாணத்துக்குப் பொறவு பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கா. என் கண்ணுதான் கோளாறுன்னு விட்டுட்டேன். அக்கா வீட்ல ஒரு நாள் காப்பி ஆத்தையில பாக்கேன், அவ கரண்டியில என்னோட ஆண்டாள் இருக்கா. என்னோடத வச்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணு அடிச்சுக் கொடுத்துட்டா. அடிச்சவன் மூஞ்சிய மாத்தி அடிச்சுட்டான்."

"கேட்டியளா?" என்றாள் என் மனைவி.

"எப்படிக் கேக்க? வளத்தவள்லா."

கேட்கவில்லை. போவதை நிறுத்திவிட்டார். பஸ் ஏறினால் அரைமணி நேரம். ஏழெட்டு வருஷமாக அந்தப் பஸ்ஸில் அவர் ஏறவில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. சாமிக்கு வைத்தபின் முதல் பத்திரிகை அக்காவுக்குத்தான் போகவேண்டும். அக்காவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவாகாததால், ஒரு பத்திரிகைகூட வீட்டைவிட்டு வெளியேறாமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது.

அவருடைய கரண்டி அசல் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் இடப்பக்கம் பார்த்தும் உண்டு, வலப்பக்கம் பார்த்தும் உண்டு என்றேன். அவர் நம்பவில்லை. "அக்காகிட்ட இருக்கதையும் பாத்துச் சொல்லுங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் அவருமாகக் காரில் ஏறினார்கள். லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொல்லப்போகிற நீதிபதியின் மிடுக்கோடு வண்டியை ஓட்டினேன்.

அக்கா கதவைத் திறந்து, தங்கையைப் பார்த்துவிட்டு, "வா" என்றார். அவ்வளவுதான். தங்கை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கரண்டி பார்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு என்று என் மனைவி என்னை அறிமுகப்படுத்தினாள். அக்கா உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அக்காவுடையதில் முகம் இடப்பக்கம்; தங்கையுடையதில் வலப்பக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். இது ருஷ்ய அரசாங்க முத்திரை. முதலில் அந்தப் பெண் இடப்பக்கம் பார்த்தாள், 1908 வாக்கில் அரசாங்கமே அவளை வலப்பக்கம் திருப்பிவிட்டது. ஆகவே ஒன்று மூத்தது, ஒன்று இளையது. இரண்டும் அசல். எந்த ஆசாரியும் அடிக்கவில்லை. அப்புறம், மன்னிக்கவேண்டும், இது ஆண்டாளும் இல்லை.

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார் அக்கா. "அப்பா கேலிக்குச் சொன்னது. ருஷ்யாக்காரியா இருந்தா என்ன தம்பி, பாக்கா இல்ல?"

தங்கை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப நாந்தான் சின்ன வயசுல தப்பாப் பாத்திருக்கேன். யாரும் மாத்தல" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. விஷயம் முடிந்தது, எழுந்துவிடலாம் என்று லென்ஸைப் பையில் போட்டேன்.

"மாத்துனேன்" என்றார் அக்கா.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது. 'கிளம்புங்க' என்பது மட்டும்தான் அதில் மரியாதையானது.

"உன் கல்யாணத்தன்னைக்குப் பெட்டியில வைக்கையில மாத்தி வச்சேன்."

"ஏங்க்கா?"

அக்கா தன்னுடைய கரண்டியை எடுத்தார். மேஜைமேல் இருந்த சர்க்கரை டப்பாவில் கொஞ்சம் அள்ளி, ஐம்பது தாண்டிய தங்கையின் வாய்க்கு நேரே நீட்டினார். "இந்தா பாரு. இதுலதான் உனக்கு ஊட்டுனேன். மூஞ்சி எங்க இருக்கு? என் கையைப் பாத்து இருக்கு. நித்தம் உனக்கு ஊட்டுதேன், அவ என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. தாயில்லாப் புள்ளைய ஒரு கண்ணு பாக்கமாட்டேங்காளேன்னு எனக்கு ஆத்தாமையா வரும். என்னோடதுல அவ சாப்பிடுத வாயப் பாத்து இருந்தா. புருசன் வீட்டுக்குப் போறப்பவாவது அவ உன்னையப் பாக்கட்டும்னு மாத்துனேன்."

"நான் தானாச் சாப்பிடப் பழகிட்டேம்லாக்கா" என்றார் தங்கை. "நான் புடிக்கையில அவ என்னையத்தான் பாத்தா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? என்னோடது ஊட்டுன கைல்லா."

நீட்டிய கரண்டி அப்படியே நின்றது. தங்கை குனிந்து அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொண்டார். நானும் என் மனைவியும் சுவரில் இருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்தோம்.

"வேணும்னா மாத்திக்கிடுவோம்" என்றார் அக்கா.

"வேண்டாம். அவ உன்னையப் பாக்கட்டும். இத்தன நாளு உன்னைய யாரு பாத்தா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உடனே குரலை உயர்த்தினார். "பத்திரிக அடிச்சாச்சாமே? ஊரே சொல்லுதாவ."

"இன்னும் ஒருத்தருக்கும் கொடுக்கலக்கா. மொதல்ல உனக்குத்தான கொடுக்கணும்."

"ஏட்டி கூறுகெட்டவளே! மாசக் கடைசியில கல்யாணத்த வச்சுக்கிட்டு இன்னும் கொடுக்கலியா? எப்பட்டி கொடுத்து முடிப்ப? ரெண்டு பேரும் போனாத்தான் முடியும். இரு, சேலைய மாத்திட்டு வாரேன்."

அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை அக்காவும் தங்கையும் பின்சீட்டில் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். யார் யாருக்குப் பத்திரிகை வைக்கவேண்டும், யாருக்கு வைக்கக்கூடாது என்பதில் இருவருக்கும் ஒரு பெயரில்கூட ஒத்துப்போகவில்லை.

இப்போதும் யாராவது ஒரு பழைய சாமானை நீட்டினால் லென்ஸை எடுத்துவிடுவேன், அந்தக் கிறுக்கு போகாது. ஆனால் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்று காதில் விழுந்தால், யார் பேச்சு அசல், யார் பேச்சு போலி என்று துருவுவதை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டுமே அசலாக இருந்துவிடக்கூடும் என்று அந்தக் கூடத்தில் பார்த்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வருவதில்லை.