தம்பி கத்தி எடுக்காத ஆபரேஷன்

என் தம்பி காது, மூக்கு, தொண்டை டாக்டர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், வரட்டும்.

எங்கள் அப்பா கொதிகலன் அறை இரைச்சலில் வேலை பார்த்துக் காதைப் பறிகொடுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. "தண்ணி கொண்டா" என்பதுகூடத் தெருமுனைவரை கேட்கும். மற்றவர்கள் பேசுவதை அப்பாவின் காதருகே போய்த் திருப்பிச் சொல்வது தம்பியின் வேலை. அவன் அதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மருத்துவம் படித்து முடித்ததும் இதயம் எடு, எலும்பு எடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவன் யார் பேச்சையும் கேட்காமல் காதைப் பிடித்துக்கொண்டான்.

இன்று ஓட்டை விழுந்த செவிப்பறையை அடைக்கிறான். சைனஸ், டான்சில், வளைந்த மூக்கெலும்பு, தலைசுற்றல் எல்லாம் பார்க்கிறான். பிள்ளைகள் மூக்கில் திணித்துக்கொண்ட பட்டாணியும் பாசிமணியும் அவன் மேசையில்தான் வந்து விழும். பேச்சின் நடுவே திடீரென்று கையால் வாயை மறைத்துக்கொள்வான். எதிராளிக்கு நிஜமாகவே கேட்கிறதா, உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறாரா என்று பார்க்கிறானாம். வீட்டுக்கு வந்தாலும் இந்த வித்தைதான். ஆனால் அவன் பெயரெடுத்தது குரல்வளையில்.

நான் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்பவள். குரல்தான் எனக்குச் சோறு. அது கரகரத்து, கம்மிப்போய், ஒருநாள் பாதி அறிவிப்பிலேயே காணாமல் போனது. தம்பி மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, "ஈ சொல்லு" என்றான். குரல் நாணில் சின்னக் கட்டி.

"கெட்டதாத் தெரியல. ஆனா எடுத்தாகணும். துளி கூடுதலா வெட்டினாலும் குரல் பழைய மாதிரி வராது."

"அதான் நீ இருக்கியே."

"நான் பண்ண மாட்டேன்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. "ஊர்ல எல்லார் தொண்டைக்கும் நீ வேணும், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் வேற ஆளா?"

"சொந்தக்காரங்களுக்கு நாங்க கத்தி எடுக்கிறதில்ல. மத்தவங்க தொண்டையில எனக்குக் கட்டி மட்டும்தான் தெரியும். உன் தொண்டையில நீ தெரிவே, கை நடுங்கும். என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட டாக்டரம்மா பண்ணுவாங்க. அவங்க கை என் கையைவிட நிதானம்."

தன்னைவிட இன்னொரு கை நிதானம் என்று சொல்ல எத்தனை டாக்டருக்கு மனசு வரும்? என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியைச் சுமந்துகொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனேன்.

அதன் பிறகு ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். நான் பேசாமல் இருக்கும் அதிசயத்தைத் தெரிந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கோ வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயம்.

வாரம் முடிந்ததும் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்து, காயம் ஆறிவிட்டது என்றார். தம்பி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"மெதுவா 'ஈ' சொல்லுக்கா."

சொன்னேன். மெலிதாக, பிசிறில்லாமல் வந்தது.

"இன்னொரு தடவை."

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

"ஏன்டா, சரியா வரலையா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "முதல் தடவையே சரியா இருந்துச்சுக்கா. சும்மா கேக்கணும்போல இருந்துச்சு."