கரண்ட் போனதும் தெருவுக்குப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் என் மரியாதையை நானே கெடுத்துக்கொண்டேன்.

காலை டிபனுக்குக் கூப்பிட்டிருந்தார். இட்லி வந்தது. சட்னி வரவில்லை. சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது... பொசுக்கென்று நின்றது. கரண்ட் கட்.

எட்டிப் பார்த்தேன். நண்பரின் மனைவி மிக்சி மூடியைத் திறந்து, ஓரத்தில் ஒட்டிய தேங்காயை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். சுவிட்ச்? போட்டது போட்டபடி இருந்தது.

"கையை எடும்மா" என்று போட்டேன் ஒரு சத்தம். பாவம், அந்தம்மா வெலவெலத்துப் போய்விட்டார். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. கரண்ட்தான் இல்லையே சார், எதுக்கு இப்படிக் கத்தறீங்க என்றார். பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

அவரிடம் காரணம் சொல்லவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிற விஷயமில்லை அது. உங்களிடம் சொல்கிறேன். காப்பியோடு இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் காப்பியைக் குடித்து முடித்துவிடுங்கள்.

என் தங்கை விஜயாவின் வீடு திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அவள் புருஷன் சேகருக்கு அரிசி மண்டியில் வேலை. பின்கட்டு அறையை எப்போதும் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவார்கள். மூன்று வருஷம் முன்னால் அங்கே ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். காலையில் தியானம், மத்தியானம் தச்சு வேலை. ஸ்டூல், அலமாரி என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்.

மரத்தை இழைக்க ஊரிலிருந்தே ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தார். பெல்ட் சாண்டர் என்று பெயர். உப்புத்தாள் இருக்கிறதல்லவா, அதையே பட்டையாக ஒட்டி, இரண்டு உருளைக்கு மேல் மாட்டிக் கரண்டில் ஓடவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். நம் ஆசாரி அரை நாள் தேய்க்கிற பலகையை, அது ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் வழவழப்பாக்கிவிடும்.

அந்த மனுஷர் மிஷினைத் தொடுகிற அழகே தனி. மற்ற நேரமெல்லாம் நம்மைப்போல வேட்டிதான். மிஷினை எடுத்தால் மட்டும் பேன்ட். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. பலகையை மேஜையோடு இறுக்கிக் கட்டிவிட்டு, ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஓட்டுவார். நிறுத்தினால்கூட உடனே கீழே வைக்க மாட்டார். பெல்ட் சுற்றுவது அடங்கும்வரை கையிலேயே வைத்திருப்பார்.

இன்னொரு பழக்கம். கரண்ட் போனால், முதல் காரியமாகப் போய் பிளக்கைப் பிடுங்குவார். நம்ம ஊர் கரண்ட் உங்களுக்குத் தெரியாததா? போகும், வரும், போகும். ஒவ்வொரு தடவையும் மனுஷர் எழுந்து போய்ப் பிடுங்குவார். சேகருக்கு ஒரே சிரிப்பு. இல்லாத கரண்டுக்கு யாராவது பயப்படுவார்களா என்பான். நம்ம ஊரில்தான் ஆளாளுக்கு ஒரு சாமி பட்டம் உண்டே... அவருக்கும் கிடைத்தது. பிளக்கு சாமி. தெருவே அப்படித்தான் சொன்னது.

பிளக்கு சாமி ஊருக்குக் கிளம்பும்போது மிஷினைச் சேகரிடமே கொடுத்துவிட்டுப் போனார். இடையில் மாட்டுகிற அடாப்டரை மட்டும் எடுத்துப் போய்விட்டார்; அது இல்லாமல் அந்த ஊர் பிளக் நம்ம சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை. சேகர் என்ன செய்தான்? நம்மில் பாதிப் பேர் செய்வதைத்தான். பிளக்கை வெட்டித் தூர எறிந்தான். ஒயர் நுனியைச் சீவினான். சாக்கெட் ஓட்டையில் சொருகி, ஓட்டைக்கொரு தீக்குச்சியை அடித்து இறுக்கினான். இந்தத் தேசத்தில் தீப்பெட்டி அடுப்புப் பற்றவைக்கவா விற்கிறது?

தீக்குச்சி வைத்துச் சொருகியதை அப்புறம் யார் பிடுங்குவார்கள்? மறுபடி சொருகுவது பெரிய ரோதனை. அதனால் ஒயர் சாக்கெட்டிலேயே குடியிருந்தது.

மிஷினில் இன்னொரு சமாசாரம். கைப்பிடியில் துப்பாக்கிக்கு இருப்பதுபோல் ஒரு குதிரை; அதை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். ஆனால் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டன். அதையும் சேர்த்து அமுக்கிவிட்டால் விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் வலிக்காமல் இருக்க வைத்தது. ஜெர்மன்காரர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சேகருக்கு அதுதான் உயிர்.

இப்போது விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பி.ஏ. முடித்தவள். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பரீட்சை பாஸ். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகும் விடாமல் பரீட்சை எழுதி, எழுதி, கடைசியில் போன வருஷம் ஆர்டர் வந்தது. வேலூரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை சேர வேண்டும். சந்தோஷத்தில் அவள் விரல் சும்மாவே இருக்காது. பேசும்போதுகூட மடியில் தட்டிக்கொண்டிருக்கும்.

வேலூரில் எங்கே தங்குவது, குழந்தையை யார் பார்ப்பது என்று பேசத்தான் அதற்கு முந்தின சனிக்கிழமை போயிருந்தேன். சேகர் பின்கட்டு அறைக் கதவைக் கழற்றிப் போட்டுப் அந்த மிஷினால் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அடுத்த குடித்தனத்துக்கு. லுங்கி, வெறும் கண், வெறும் மூக்கு. நீலத் தூசு வீடு பூரா. விஜயா வந்து, வீட்டைக் கூட்டிக் கூட்டியே கை ஓய்ஞ்சு போச்சுண்ணா என்று சலித்துக்கொண்டாள்.

கரண்ட் போனது.

கரண்ட் போனால் நாம் என்ன செய்வோம்? சுவிட்சை அணைப்போமா? மாட்டோம். அணைத்துவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்குப் போவோம். நம்ம வீட்டுக்கு மட்டும் போச்சா, தெருவுக்கே போச்சா என்று பார்க்க வேண்டுமே. எதிர்வீட்டிலும் இல்லை என்று தெரிந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி.

சேகரும் மிஷினைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டு வந்தான். பட்டன் அமுக்கியது அமுக்கியபடி. நானும் அவனோடு வாசலுக்குப் போனேன். தெருவே வெளியில் நின்றது. டிரான்ஸ்பார்மரா, காற்றா என்று பேச்சு ஓடியது.

உள்ளே விஜயா. அழுக்கைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. பெல்ட்டில் நீலப் பெயின்ட் அப்பியிருந்தது. மிஷினை மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, முந்தானையால் துடைத்திருக்கிறாள். போகாததை விரலால் சுரண்டியிருக்கிறாள்.

கரண்ட் வந்தது.

கரண்ட் வந்தால் பிள்ளைகள் போடுகிற 'ஹே' சத்தம் தெரியுமல்லவா? அன்றைக்கும் போட்டார்கள். தெரு முழுக்க. அதற்கு நடுவில் பின்கட்டிலிருந்து மிஷின் ஓடுகிற சத்தமும் கேட்டது. சேகர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கேட்டீங்களா மச்சான், நான் இல்லாமயே வேலை நடக்குது."

பிள்ளைகளின் சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் சத்தம் எங்கள் காதில் விழுந்தது.

முந்தானை உருளையில் சுற்றிக்கொண்டு, கையையும் சேர்த்து இழுத்திருந்தது. சேகர் பாய்ந்து ஒயரைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. மிஷின் நின்றுவிட்டது. பிடுங்குவதற்கு ஆன நேரம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர். வலது கையை வெகு நேரம் பார்த்தார். அப்புறம் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"வெட்டுப்பட்டிருந்தா தைச்சிருப்பேன் சார். இது தேஞ்சு போயிருக்கு. தைக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

ஆள்காட்டி விரல், நடுவிரல். இரண்டும் முதல் கணுவரைக்கும் போய்விட்டன. கட்டுப் போட்டு வெளியே கூட்டிவந்தபோது விஜயா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, திங்கக்கிழமை போயிடலாமில்ல?"

போகலாம்மா என்றேன்.

இப்போது துபாய்க்காரர்கள் புண்ணியத்தில் டிரில்லிங் மிஷின், சாண்டர் எல்லாம் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வாங்குங்கள். இழையுங்கள். ஆனால் லுங்கியும் முந்தானையும் அதன் கிட்டேயே வரக் கூடாது. கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். பெல்ட்டைத் தொடுவதானால், அது துடைக்கவோ மாற்றவோ எதற்காக இருந்தாலும், பிளக் வெளியே வந்து உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்க வேண்டும். திரும்பச் சொருகும் முன்னால் குதிரையை ஒரு தடவை அமுக்கி விட்டு, அந்தப் பட்டன் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கான பிளக் ஒன்று போடுங்கள், தீக்குச்சி வேண்டாம். கரண்ட் போனால் நமக்குத்தான் ஓய்வு. மிஷின் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் விரல் அங்கே இருப்பது அதற்குத் தெரியாது.

திங்கட்கிழமை போனோம். முதல் பஸ். விஜயா புதுப் புடவை கட்டியிருந்தாள். கட்டு அவள் மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. ஆபீசில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வேலையில் சேர அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். சேகர் எழுதினான்.

கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தது. கிளார்க் அவள் கட்டைப் பார்த்தார். மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். விஜயா இடது கைப் பெருவிரலை வைத்து அழுத்தினாள். சேகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவகாசம் கொடுத்தார்கள். பெரிய மனசு. அவகாசம் கொடுத்தால் விரல் முளைக்குமா?

பி.ஏ., தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர்... என் தங்கை அந்த ஆபீசில் போட்டது அந்த ஒரு கைநாட்டுதான்.